ஏடும் கல்லும் பந்தும்

ஒரு நூலகத்துள் நுழைகிறோம். இலக்கிய வரலாறு ஓர் அலமாரியில் இருக்கிறது. அரசர் வரலாறு மற்றோர் அலமாரியில். சமய வரலாறு மூன்றாவதில். கால்பந்தைப் பற்றிய நூல்கள் இருக்குமாயின், அவை வாயிலுக்கருகே ‘விளையாட்டு’ என்று எழுதிய சிறு தட்டில் இருக்கும். இந்நான்கையும் ஒருங்கே எடுத்துப் பேசுவது நேயர்களுள் சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். பரணிக்கும் பந்துக்கும் என்ன உறவு என்று அவர்கள் வினவலாம். உறவு உண்டு. நடந்து முடிந்த ஒன்றை, நேரிற் கண்டிராத ஒருவர், எஞ்சி நிற்கும் சான்றுகளைக் கொண்டு எழுதுவதே வரலாறு. அம்முறை புலவர்க்கும் வேந்தர்க்கும் சமயத்தார்க்கும் ஆட்டக்காரர்க்கும் ஒன்றே. சான்று மட்டுமே வேறுபடுகிறது. இலக்கியத்துக்கு ஏடு, அரசுக்குக் கல்லும் செம்பும், சமயத்துக்கு இடிபாடுகளும் பகைவரின் சொற்களும், கால்பந்துக்குச் செய்தித்தாளும் முதியோரின் நினைவும். இவற்றுள் விரைவில் அழியக்கூடியது எது என்பதே இன்று நாம் எண்ணிப் பார்க்க வேண்டியது.

முதலில் இலக்கிய வரலாற்றைக் காண்போம். தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை இக்கால முறையில் தொகுக்க முற்பட்டவர்களுள் முன்னோடி, இலங்கையைச் சேர்ந்த சைமன் காசிச்செட்டி. அவர் ஆங்கிலத்தில் இயற்றிய ‘தமிழ்ப் புளூட்டாக்’ 1859-ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தில் வெளிவந்தது. அதன்பின் 1886-இல் சதாசிவம்பிள்ளையின் ‘பாவலர் சரித்திர தீபகம்’ தமிழிலேயே தோன்றியது. இவ்விரண்டு நூல்களையும் இன்று புரட்டுவோர்க்கு ஒரு வியப்பு காத்திருக்கிறது. நாம் இப்போது தமிழ் இலக்கியத்தின் தொடக்கம் என்று எதனைச் சொல்லுகிறோமோ, அதனுட் பெரும்பகுதி அந்நாளில் அச்சேறவே இல்லை. கலித்தொகையைச் சி. வை. தாமோதரம்பிள்ளை பதிப்பித்தது 1887-இல். உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை 1889-இலும், சிலப்பதிகாரத்தை 1892-இலும், புறநானூற்றை 1894-இலும் வெளியிட்டார். நற்றிணையும் குறுந்தொகையும் அச்சில் வர 1915 ஆயிற்று. அஃதாவது, வரலாறு முதலில் எழுதப்பட்டது. அவ்வரலாற்றின் முதல் அத்தியாயம் பின்னரே கிடைத்தது!

இதனால் அம்முன்னோடிகளின் பெருமை குறையாது. கைக்கு எட்டியதை அவர்கள் எழுதி வைத்தார்கள். பின்வந்தோர் அதனைத் திருத்தவும் விரிக்கவும் முடிந்தது. எழுதப்படாத ஒன்றைத் திருத்துவதற்கு எவராலும் இயலாது. 1972-இல் சாகித்திய அக்காதெமி வெளியிட்ட மு. வரதராசனாரின் ‘தமிழ் இலக்கிய வரலாறு’ இத்தகைய முயற்சிகளின் மேல் எழுந்த ஒரு மாடம். அந்நூல் பின்னர் ஆங்கிலத்திலும் பெயர்க்கப்பட்டது. பல மொழியினர் கலந்து வாழும் பம்பாய் போன்ற நகரத்தில், நம் இலக்கியத்தின் நெடுங்கதையை அயல்வீட்டாருக்கு எடுத்துச் சொல்ல அத்தகைய நூல் எவ்வளவு உதவும் என்பதை மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவர் நன்கு அறிவர்.

இலக்கிய வரலாறு தனித்து நிற்பதுமன்று. 1880-ஆம் ஆண்டு கும்பகோணத்தில் முனிசீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார், சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று சாமிநாதையரைக் கேட்டார். அக்கேள்வி ஒரு வாழ்நாட்பணியைத் தொடங்கி வைத்தது. ஆனால் ஏடு கிடைத்தும் நூல் விளங்கவில்லை. சிந்தாமணி சமண காவியம். சமணக் கோட்பாடுகளை அறியாமல் அதன் சொற்களுக்குப் பொருள் கொள்ள முடியாது. ஐயர் கும்பகோணத்திலிருந்த சமணர் இல்லங்களை நாடிச் சென்றார். நூற்றாண்டுகளாக அவர்கள் குடும்பங்களில் வாழ்ந்துவந்த கேள்வியறிவு அவருக்கு உரையாக உதவிற்று. ஏட்டில் இருந்தது பாதி. மனிதர் நாவில் இருந்தது மறுபாதி. இரண்டும் கூடிய பிறகே 1887-இல் சிந்தாமணி ஒளி பெற்றது. இந்நிகழ்ச்சியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறேன். கால்பந்தைப் பற்றிப் பேசும்போது இது நமக்குப் பயன்படும்.

இனி அரசர் வரலாறு. தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டியவர் யார் என்று இன்று பள்ளிப் பிள்ளையைக் கேட்டாலும் முதலாம் இராசராசன் என்று சொல்லும். ஆயினும் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னர் இவ்விடை தஞ்சையிலேயே வழங்கவில்லை. தலபுராணம் கிருமிகண்ட சோழன் என்றொரு மன்னனைக் கூறிற்று; ஊரார் அதனையே நம்பினர். தன் பெயரையே தான் எடுத்த கோயிலுக்குச் சூட்டிய ஒரு பேரரசனை, அக்கோயிலின் நிழலில் வாழ்ந்தவர்களே மறந்துவிட்டார்கள்! விடையோ எங்கும் ஒளிந்திருக்கவில்லை. சுவர் முழுவதும் பொறிக்கப்பட்டிருந்தது. படிப்பார் இல்லாமற் போயினர், அவ்வளவே. 1886-இல் கல்வெட்டுத் துறையின் பணிக்கு வந்த ஊல்ச் என்ற செருமானிய அறிஞர் அவ்வெழுத்துகளைப் படித்து, கட்டியவன் இராசராசனே என நிறுவினார். 1891 முதல் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ இரண்டாம் தொகுதியில் அவை அச்சாயின. பின்னர் கீல்கார்ன் என்பார் வானநூற் குறிப்புகளைக் கணித்து, அம்மன்னன் அரசேற்றது கி.பி. 985-ஆம் ஆண்டு சூன் 25-க்கும் சூலை 25-க்கும் இடைப்பட்ட காலம் என்று வரையறுத்தார்.

இச்சான்றுகளின்மேல்தான் பின்வந்த சோழர் வரலாறுகள் எழுந்தன. கே. ஏ. நீலகண்ட சாத்திரியாரின் ‘சோழர்கள்’ ஆங்கிலத்தில் 1935-லும் 1937-லும் வெளிவந்தது. தி. வை. சதாசிவ பண்டாரத்தார் 1930-இலேயே ‘முதற் குலோத்துங்க சோழன்’ என்ற தனி வரலாற்றைத் தமிழில் எழுதினார். அவருடைய ‘பிற்காலச் சோழர் சரித்திரம்’ அண்ணாமலைப் பல்கலைக்கழக வெளியீடாக 1949, 1951 ஆகிய ஆண்டுகளில் இரு பகுதிகளாக வந்தது. மூன்றாம் பகுதி, அவர் மறைந்த பிறகு, 1961-இல் வெளிவந்தது. ஊர் ஊராகச் சென்று கல்வெட்டுகளைத் தம் கண்ணாற் கண்டு எழுதிய பேரறிஞர் அவர்.

ஆனால் அரசன் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் சான்றை அப்படியே ஏற்கலாமா? கல்வெட்டின் தலைப்பில் மன்னனின் வெற்றிகளை வரிசைப்படுத்தும் மெய்க்கீர்த்தி என்னும் மரபைச் சோழ நாட்டில் நிலைநாட்டியவன் இராசராசன். மெய்க்கீர்த்தியில் வெற்றி உண்டு, தோல்விக்கு இடமில்லை. கி.பி. 949-இல் தக்கோலத்தில் நிகழ்ந்த போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்டான். சோழரின் செப்பேடு அவன் யானைமேல் இருந்தபடியே வீர சுவர்க்கம் அடைந்ததாகப் பெருமிதத்தோடு கூறும். இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருட்டிணனின் காலத்து ஆதகூர்க் கல்வெட்டோ அதனைத் தன் தரப்பின் வெற்றியாகச் சொல்லும். இருவரும் ஒரே சாவைப் பற்றியே பேசுகிறார்கள். இரு தரப்பையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் தக்கோலம் சோழர்க்குப் பேரிடியாக விழுந்த தோல்வி என்பது தெளிவாயிற்று. எதிரியின் கல்லையும் படி என்பதே அரச வரலாறு கற்பிக்கும் பாடம்.

வேறொரு பாடமும் அப்பெரிய கோயிற் சுவரில் இருக்கிறது. தான் கொடுத்தவற்றோடு, தன் தமக்கையாரும் தேவியரும் ஏனையோரும் கொடுத்தவற்றையும் கல்லில் வெட்டுமாறு இராசராசன் தன் 26-ஆம் ஆட்சியாண்டின் 20-ஆம் நாள் ஆணையிட்டான். அதன் விளைவாக, பிற கோயில்களிலிருந்து தஞ்சைக்குக் கொணரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டிரின் பெயர்கள், அவர்கள் எந்தக் கோயிலிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீட்டில் குடியிருந்தார்கள் என்பனவெல்லாம் ஒவ்வொன்றாக எழுதப்பட்டன. பங்கு ஒன்றுக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல். விளக்கேற்றுவோர், குயவர், வண்ணத்தார், நாவிதர், தையற்காரர், தச்சர் ஆகியோரும் அப்பட்டியலில் உண்டு. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஆடிய ஒரு பெண்ணின் வீட்டு வரிசை எண்ணை இன்று நாம் அறிய முடிகிறது. இதனை எண்ணுந்தோறும் நெஞ்சம் விம்முகிறது.

மூன்றாவது, சமய வரலாறு. இதற்குரிய சான்றுகள் பல வேளைகளில் தோற்றவர் பக்கம் கிடைப்பதில்லை. ஒரு காலத்தில் தமிழகத்தில் பௌத்தம் தழைத்திருந்தது, பின்னர் மறைந்தது. மறைந்ததன் வரலாற்றை எங்ஙனம் எழுதுவது? மயிலை சீனி. வேங்கடசாமி இவ்வரிய செயலை மேற்கொண்டார். 1936-இல் ‘கிறித்தவமும் தமிழும்’, 1940-இல் ‘பௌத்தமும் தமிழும்’, 1954-இல் ‘சமணமும் தமிழும்’ என மூன்று நூல்களை அவர் அளித்தார். ஊர்ப்பெயர், சிலை, பழம்பாடல், எதிர்ச்சமயத்தாரின் கண்டனம் ஆகியவற்றிலிருந்து அவர் செய்திகளைத் திரட்டினார். மறுக்க வந்தவர் எழுதிய சொல்லே மறுக்கப்பட்டவர் வாழ்ந்ததற்குச் சாட்சியாயிற்று.

இவ்வகையில் நாகப்பட்டினத்தின் கதை பெரிதும் கருதத் தக்கது. சிரீவிசய நாட்டு மன்னன் அங்கே சூடாமணி விகாரம் என்னும் பௌத்தப் பள்ளியை எடுத்தான். சிவபாதசேகரன் என்று தன்னை அழைத்துக்கொண்ட இராசராசன், தன் 21-ஆம் ஆட்சியாண்டில் அப்பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை அளித்தான். இச்செய்தியைக் கூறும் செப்பேடு கடல் கடந்து ஆலந்து நாட்டை அடைந்தமையால் ‘இலெய்டன் பட்டயம்’ எனப் பெயர் பெற்றது. அதே சிரீவிசயத்தின்மீது இராசராசனின் மகன் இராசேந்திரன் 1025-இல் கடற்படை செலுத்தினான். தந்தை கொடையளித்த நாட்டாரை மகன் போரில் வென்றான்! அச்சிரீவிசயம் சுமத்திராத் தீவை நடுவாகக் கொண்ட பேரரசு என்பதே 1918-இல் சேதே என்னும் பிரெஞ்சு அறிஞர் எழுதிய கட்டுரைக்குப் பின்னரே உலகுக்குத் தெளிவாயிற்று. நாகையில் எஞ்சி நின்ற பௌத்தக் கோபுரம் 1867-ஆம் ஆண்டளவில் இடித்து அகற்றப்பட்டது. 1856 முதல் அம்மண்ணிலிருந்து வெளிப்பட்ட புத்தர் செப்புத் திருமேனிகள் மட்டும் அப்பெருவாழ்வை இன்றும் சொல்லி நிற்கின்றன.

சமய வரலாறு எழுதுவோர் தம் சமயத்தை மட்டும் எழுதினால் அது புகழுரை ஆகிவிடும். தமிழில் முதலில் அச்சான நூல்களுள் ஒன்று, 1578-ஆம் ஆண்டு அக்டோபர் 20-ஆம் நாள் கொல்லத்தில் அச்சிட்டு முடிக்கப்பட்ட ‘தம்பிரான் வணக்கம்’ என்னும் கிறித்தவச் சிறுநூல். உமறுப்புலவரின் சீறாப்புராணம் 1842-இல் அச்சேறியது. புறநானூறு அச்சேறுவதற்கு அரை நூற்றாண்டு முன்பு. எல்லாச் சமயத்தாரும் கூடிச் சுமந்த மொழி தமிழ் என்பதை இவ்விரு ஆண்டுகளே விளக்கப் போதும்.

இனி நான்காவது அலமாரிக்கு வருவோம். ஏனைய மூன்றோடு ஒப்பிட, கால்பந்தைப் பற்றித் தமிழில் எழுந்த நூல்கள் மிகச் சிலவே. ஆட்டத்தின் பெயரிலும் ஒருமையில்லை. தமிழகத்தில் கால்பந்து என்பர். இலங்கையில் உதைபந்தாட்டம் என்பர். மலேசியாவிற் காற்பந்து என்று எழுதுவர். பெயர் மூன்றாயினும் ஆட்டம் ஒன்றே. அதனை ஆடிய தமிழரும் பலர்.

பம்பாய்க்கு இவ்வாட்டத்தின் வரலாற்றில் தனியிடம் உண்டு. இந்நகரில் 1891-இல் தொடங்கிய ரோவர்சு கோப்பை, நாட்டின் மிகப் பழைய போட்டிகளுள் ஒன்று. நெடுங்காலம் ஆங்கிலப் படைப்பிரிவுகளே அதனை வென்றுவந்தன. 1937-இல் பெங்களூர் முசுலிம்கள் என்னும் அணி அதனைக் கைப்பற்றியபோது, முதன்முதலாக ஓர் இந்திய அணி அக்கோப்பையை ஏந்தியது. ஐதராபாத் நகரக் காவலர் அணி 1950 முதல் 1954 வரை ஐந்து முறை தொடர்ந்து வென்றது. கூப்பரேச்சு மைதானத்தில் திரண்ட கூட்டமெல்லாம் இன்று பழங்கதை. 2000–01-ஆம் ஆண்டுப் போட்டியோடு ரோவர்சு கோப்பை நின்றுவிட்டது. இந்நகரத்து வீரரான நெவில் டிசோசா, 1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்கில் ஆசுத்திரேலியாவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்கள் அடித்தார். இந்தியா 4–2 என வென்று அரையிறுதிக்கு முன்னேறியது.

விடுதலை பெற்ற இந்தியாவின் முதற் பெரும் பன்னாட்டுக் கால்பந்து ஆட்டம் 1948-ஆம் ஆண்டு சூலை 31-ஆம் நாள் இலண்டன் ஒலிம்பிக்கில் நடைபெற்றது. எதிரணி பிரான்சு. நம் வீரருட் பெரும்பாலோர் வெறுங்காலோடு ஆடினர். இரண்டு பெனால்டி வாய்ப்புகள் வீணாயின. 2–1 என்ற கணக்கில் நாம் தோற்றோம். இந்தியாவின் அவ்வொரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். விடுதலை இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோல் அது. இப்பெயரை அறிந்தோர் நம்முள் எத்தனை பேர்? 1962-இல் சகார்த்தாவில் இந்தியா தென்கொரியாவை 2–1 என வென்று ஆசியப் பொற்பதக்கம் பெற்ற நாளில் கோலைக் காத்து நின்றவர் பீட்டர் தங்கராசு. அவரை வளர்த்த சென்னைப் படைப்பிரிவு மைய அணி 1955-லும் 1958-லும் தூரந்து கோப்பையை வென்ற அணி. மலேசிய நாட்டின் கோலைக் காத்து, ‘சிலந்தி மனிதன்’ என்று புகழ் பெற்ற ஆறுமுகம் 1988-இல் மறைந்தார். இவர்களுக்குப் பரணி பாடுவார் இல்லை. மெய்க்கீர்த்தி வெட்டுவாரும் இல்லை.

எழுதப்படாத இடத்தில் என்ன முளைக்கும்? கட்டுக்கதை முளைக்கும். 1950-இல் பிரேசிலில் நடந்த உலகக் கோப்பைக்கு இந்தியா தகுதி பெற்றும் செல்லவில்லை. வெறுங்காலோடு ஆட இசைவு கிடைக்காமையே காரணம் என்பது நாடெங்கும் பரவிய கதை. ஆராய்ந்தால் அது நிற்காது. இரண்டாண்டுகள் கழித்து, 1952-இல் எல்சிங்கி ஒலிம்பிக்கிலும் நம் வீரர் பலர் வெறுங்காலோடு ஆடினார்களே! அணித் தேர்வில் எழுந்த கருத்து வேற்றுமையும், பயிற்சிக்குப் போதிய காலம் இன்மையுமே அன்று கால்பந்துச் சங்கம் கூறிய காரணங்கள். உலகக் கோப்பையை விட ஒலிம்பிக்கையே பெரிதெனக் கருதிய அக்கால மனப்பான்மையும் ஒரு காரணம் என்பதை மூத்த வீரர் சைலேன் மன்னா பின்னாளில் எடுத்துரைத்தார். கிருமிகண்ட சோழனின் கதையும் வெறுங்காலின் கதையும் ஒரே வகையின. சான்று கையருகே இருந்தும் படிப்பார் இல்லாதபோது, கேட்க இனிமையான கதை அதன் இருக்கையில் அமர்ந்துகொள்கிறது.

கால்பந்துப் பதிவுக்கு ஒரு பெருமை உண்டு. எல்சிங்கியில் யுகோசுலாவியா நம்மை 10–1 என முறியடித்தது. அத்தோல்வி ஒளிக்கப்படவில்லை, மழுப்பப்படவில்லை. அதன்பின் நம் வீரர்கள் பூட்சு அணிந்து ஆட வேண்டும் என்ற விதி வந்தது. பத்தாண்டுகளில் ஆசியப் பொற்பதக்கமும் வந்தது. தோல்வியை உள்ளபடி எழுதிவைத்த அணி அதிலிருந்து கற்றுக்கொண்டது. மெய்க்கீர்த்தி எழுதிய அரசர்களுக்கு இவ்வாய்ப்பு இல்லை.

இப்போது நம் பகுதிக்கு வருவோம். கோவண்டி, செம்பூர், தாராவி, மாட்டுங்கா ஆகிய இடங்களில் தலைமுறை தலைமுறையாகத் தமிழர் வாழ்கின்றனர். இலக்கியக் கூட்டம் நடந்தால் அதற்கு அழைப்பிதழ் இருக்கும். கோயில் எழுந்தால் கொடையாளர் பெயர் பளிங்கில் இருக்கும். மாலையில் ஆலையும் பட்டறையும் விட்டபின் மண்தரையில் பந்துதைத்த இளைஞர்களுக்கு என்ன பதிவு இருக்கிறது? மங்கிப்போன ஒரு நிழற்படம். தகரப்பெட்டியுள் ஒரு பதக்கம். முதியவர் ஒருவரின் நினைவு. அம்முதியவரோடு அதுவும் போய்விடும். ஆயிரம் ஆண்டுக்கு முன் ஆடிய 400 பெண்டிரின் வீட்டு எண்ணைக் கல் காத்துத் தந்தது. ஐம்பது ஆண்டுக்கு முன் நம் தெருவில் ஆடிய பதினொருவர் பெயரை நாம் காக்கவில்லையெனின், நம்மைப் பற்றி வருங்காலம் என்ன நினைக்கும்?

இதற்குப் பல்கலைக்கழகம் வேண்டுவதில்லை, பெரும்பொருளும் வேண்டுவதில்லை. நாற்பது பக்க நோட்டுப் புத்தகம் ஒன்று போதும். சாமிநாதையர் சமணர் இல்லங்களுக்குச் சென்றதுபோல, நம் மாணவர் மூத்த ஆட்டக்காரரின் இல்லங்களுக்குச் செல்லட்டும். அணியின் பெயர் என்ன, யார் யார் ஆடினார்கள், எந்த மைதானம், எந்த ஆண்டு, வென்றது யார் என்று கேட்டு எழுதட்டும். ஒருவர் சொன்னதை மற்றொருவரிடம் ஒத்துப் பார்க்கட்டும். எதிரணியில் ஆடிய மராத்தியரையும் கோவாக்காரரையும் கண்டு கேட்கட்டும். தக்கோலம் கற்பித்த பாடம் அது. நிழற்படத்தின் பின்புறத்தில் நிற்பவர் பெயர்களை இடமிருந்து வலமாக இன்றே எழுதிவைக்கட்டும். தோற்ற ஆட்டங்களையும் விடாமற் குறிக்கட்டும்.

அந்நோட்டில் பிழைகள் இருக்கலாம். காசிச்செட்டியின் நூலிலும் குறைகள் இருந்தன, பின்வந்தோர் நிரப்பினர். ஏட்டைக் கரையான் அரித்தது. கல்லைக் காலம் தேய்த்தது. ஆயினும் அவை நூற்றாண்டுகள் பொறுத்து நின்றன. மனிதரின் நினைவு அவ்வளவு காலம் பொறுக்காது. கேட்க வேண்டியவர்கள் இன்னும் நம் தெருவில் இருக்கிறார்கள். கேட்கும் பணி நம்முடையது.